பதில் ஆள் செல்லாத வேலை

கச்சிராயபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன், ஆனால் நீ சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், சொல்ல வந்தது போய்ச் சேராது. அதனால்தான் எழுதுகிறேன். தெருக்கோடி கவியரசன் இன்று ராத்திரி கோயம்பேட்டுக்குக் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு வருகிறான், உன் ஹாஸ்டலில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

மலையில் மழை நின்றுவிட்டது, கோமுகி ஆற்றில் தண்ணீர் இன்னும் ஓடுகிறது. கரும்பு வெட்டு நடக்கிறது. அப்பா டிராக்டரில் லோடு அடிக்கிறார், ஆலை வாசலில் வரிசையில் நின்றே பாதி நாள் போகிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, அதில் ஒன்று உன் போர்வை ஓரத்தை மென்று தின்றுவிட்டது. நாங்கள் இப்போது வெட்டுவது கந்தசாமி தோட்டத்தில். அவர் வரப்பில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இன்னாடி கோகிலா, ஒம் பொண்ணு கம்பெனில வேல செய்யுதா, காலேஜுல படிக்குதா? ரெண்டும்னா ரெண்டும் இல்லன்னுதான அர்த்தம்" என்று கேட்டார். நான் கத்தியைக் கீழே போடாமலே, "ரெண்டும்தாங்க. சம்பளமும் குடுத்து காலேஜு பீஸும் கம்பெனியே கட்டுது, நாலு வருசத்துல கம்ப்யூட்டர் பட்டம். ஒங்க பையன் வூட்லதான இருக்காரு, அவருக்கும் எடம் இருக்கான்னு கேட்டுச் சொல்லட்டுங்களா" என்றேன். பெண்கள் எல்லாரும் கரும்புக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார்கள். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்து, பரீட்சையும் வேலையை முடித்துத் தருகிற கெடுவும் ஒரே வாரத்தில் வருகிறது, என்னால் முடியாது, ரெண்டையும் வுட்டுட்டு வூட்டுக்கே வந்துடறம்மா என்றாய். அப்பா உடனே, "வந்தா வரட்டும், பாவம், கொழந்த" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். வெள்ளிக்கிழமை உன் கம்பெனிக்கு வந்தேன். நீ அன்று வகுப்புக்குப் போயிருப்பாய் என்று தெரிந்துதான் வந்தேன். நம் வெட்டுக் கும்பலில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் வீட்டிலிருந்து இன்னொருத்தி போய்க் கத்தியைப் பிடிப்பாள், மேஸ்திரி ஏன் என்று கேட்க மாட்டார், ஆள் கணக்கு சரியாக இருந்தால் போதும். நான் வந்த அன்றைக்குக்கூட எனக்குப் பதில் சாலம்மாள் அத்தைதான் வெட்டினாள். அதே மாதிரி, நீ பரீட்சை எழுதி முடிக்கும் வரை உன் இடத்தில் நான் நிற்கிறேன், பெருக்கச் சொன்னால் பெருக்குகிறேன், பாத்திரம் கழுவச் சொன்னால் கழுவுகிறேன் என்று கேட்கத்தான் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி வந்தேன். சிரிக்காதே.

வாசலில் செக்யூரிட்டி என் பெயரைக் கேட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். எதிரே இருந்த கண்ணாடித் திரையில் என் முகம் வந்தது, கீழே பெரிய எழுத்தில், "வாங்க கோகிலவாணி அம்மா, நிழல்ல உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று வந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்கிறது என்று நினைத்து. தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஆலை என்று எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன், ஓரமா நில்லு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த செக்யூரிட்டி, "இது ட்ரெய்னிங் பசங்க எழுதினதும்மா. மொதல்ல இங்கிலீஷ்லதான் வந்துகினு இருந்துச்சு. ஒரு கள்ளக்குறிச்சிப் பொண்ணு, வர்ற சனங்களுக்குப் புரிய வேணாமான்னு சண்ட போட்டு மாத்துச்சு" என்றார். அது என் பொண்ணு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நீ என்ன படிக்கிறாய் என்று இத்தனை நாள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. ஒரு பெண் ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுதியது, முன்பின் தெரியாத ஒருத்தியை நிழலில் உட்காரச் சொல்கிறது. நீ பிறந்த அன்று உன்னைப் பார்த்த மாதிரியே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் டீம் லீடர் ஆண்டாள் மேடம் நல்ல மாதிரிதான். நான் பதில் ஆளாக நிற்கிறேன் என்றதும் அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரீட்சை லீவு இவங்களுக்கு அக்ரிமென்ட்லயே இருக்கும்மா. மத்த பசங்க எல்லாம் போட்டுட்டாங்க. தமிழ்மொழி கேக்கவே இல்ல, வேணாம்போலன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஏங்க மேடம், கேக்காதவங்களுக்கு எல்லாம் வேணாம்னு அர்த்தங்களா" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது, தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். சரி, நானே இப்போது கேட்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "நீங்க கேட்டா செல்லாதும்மா, அவங்க பேர்ல அவங்கதான் போடணும்" என்றார். கிளம்பும்போது உன் இடத்தைக் காட்டினார். இரண்டு திரை, ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஏசி குளிருக்கு நான் கரும்பு வெட்டும்போது தலைக்குக் கட்டுகிற துண்டு. நான் அதைத் தொடவில்லை. உனக்குச் சொல்லாமலே ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

கோபம் உன் மேலும்தான் தமிழு. முகம் தெரியாத சனங்களுக்காகச் சண்டை போட்டாய், உனக்கு உரியதை ஒரு வார்த்தை கேட்க உன்னால் முடியவில்லை. இது உன் குற்றம் மட்டும் இல்லை. கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று நம் ஆட்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்தப் பயம் ஏசி ரூமுக்குள்ளும் உன்னோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. உனக்காக நான் வெயிலில் நிற்பேன், பட்டினி கிடப்பேன், யாரிடமும் சண்டைக்குப் போவேன். இதை மட்டும் உனக்குப் பதிலாக நான் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போன உன்னைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நாளைக் காலை நேராக மேடத்திடம் போ. மன்னிச்சிக்கங்க என்று ஆரம்பிக்காதே, அழாதே, காரணம் நீளமாகச் சொல்லாதே. லீவு வேண்டும் என்று கேள். கவியரசனிடம் வறுத்த வேர்க்கடலை கொடுத்திருக்கிறேன், படிக்கும்போது சாப்பிடு, பக்கத்து ரூம் பிள்ளைகளுக்கும் கொடு. தலைக்கு எண்ணெய் வை. நீ நன்றாக இருப்பாய், எந்தக் குறையும் உனக்கு வராது. மேடத்தின் ரூமை விட்டு வெளியே வந்ததும் எனக்குக் "கேட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பு. கொடுத்தார்களா இல்லையா என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

உன் அம்மா,
மா. கோகிலவாணி