பாகில் போட்ட ஆப்ப சோடா

இன்று விழுப்புரத்திலிருந்து, இப்போது நான் குடியிருக்கும் திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மாள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெல்லமும் வறுத்த வேர்க்கடலையும் கலந்த வாசனை. உங்கள் மல்லாட்டை ரொட்டிதான். "ஒண்ணு எடுத்துக்கம்மா" என்று நீட்டினாள். வேண்டாமென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் நீங்கள் வேலை பார்த்த பேக்கரியில் மிஞ்சிய ரொட்டியை நறுக்கி, மறுபடி அடுப்பில் காயவைத்து, வெல்லப்பாகில் தோய்த்து, பொடித்த மல்லாட்டையில் புரட்டி நீங்கள் கண்டுபிடித்த பண்டம். முதலில் பல்லை உடைத்தது. எத்தனை நாள் மண்டையைக் குடைந்துகொண்டீர்கள். பாகை இறக்கும்போது ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டதும் நுரைத்துப் பொங்கி, ஆறியபின் மொறுமொறுவென்று ஆகிவிட்டது. விழுப்புரம் ரயிலடிக் கூட்டம் அதற்காகவே வந்தது. "யாராண்டயும் சொல்லிடாத. திண்டிவனத்துல நாம கடை போடறப்ப இதான் நமக்கு மொதலு" என்றீர்கள்.

நான் சொல்லிவிட்டேன். ஆமாங்க, நான்தான்.

அக்கா வீட்டு விசேஷத்துக்குத் திண்டிவனம் போனேனே, அன்றைக்கு உங்கள் ரொட்டியைப் பற்றிப் பேச்சு வர, அக்கா வீட்டுக்காரர் பத்துப் பேர் முன்னால், "அடுப்பாண்ட வேவறவனுக்கு இன்னா தெரியும்? எவனாவது சொல்லிக் குடுத்திருப்பான்" என்று சிரித்தார். என் வாய் சும்மா இருக்குமா? "பாகுல ஆப்ப சோடா போடணும்னு உங்கள்ல யாருக்காவது தோணிச்சா?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த மாதமே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் எல்லாம் உங்கள் ரொட்டி. நம் கடை திறக்கவே இல்லை.

உங்களோடு அடுப்படியில் வேலை பார்த்த நடேசன் அண்ணன்மேல் பழி போட்டீர்கள். "அவன் ஒருத்தன்தான் கூட நின்னுக்கினு பாத்தான்" என்றீர்கள். அதோடு பேச்சு வார்த்தை இல்லை. நீங்கள் படுக்கையில் கிடந்தபோது அவர் வந்து, "நான் சொல்லலடா, என் புள்ளைங்க மேல சத்தியம்" என்று அழுதார். நீங்கள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் கஞ்சி டம்ளரோடு பக்கத்திலேயே நின்றேன். பத்துப் பேர் முன்னால் திறந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

நீங்கள் போன இடத்துக்கு நடேசன் அண்ணனும் நேற்று போய்விட்டார். அந்தச் சாவுக்குப் போய்விட்டுத்தான் பஸ் ஏறினேன். அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு, "தங்கச்சியாவது என்னிய நம்புதான்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாரு" என்று அழுதாள். "நம்புறேன் அண்ணி" என்றேன். பாவி நான்.

இனி இதைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அண்ணன் அங்கே வந்துகொண்டிருக்கிறார். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.