நாற்பதாவது குளியல்

அன்புள்ள கோபக்காரிக்கு,

லெரோஸ் தீவில் இன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிறது. தொப்பியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றே காலைப் பொழுதைக் கழித்தேன். கடைசியில் தொப்பியைக் கழற்றி ஒரு முங்கு போட்டுக் கரைக்கு வந்து, பழக்கதோஷத்தில் தர்ப்பூசணியை இரண்டாக வெட்டிவிட்டேன். உன் பாதியில் எறும்பு மொய்க்கிறது.

காப்பிக்கடை கலியோபி வழக்கம்போலக் கேட்டாள்: "இந்தக் கோடையில எத்தனை கடல் குளியல் ஆச்சுக்கா?"

"முப்பத்தாறு."

"அடேங்கப்பா! உங்க கூட்டாளி இருந்திருந்தா வயிறு எரிஞ்சிருப்பாங்க."

சிரித்து வைத்தேன்.

போன வருஷம் நம் குளியல் போட்டியில், உன் நாற்பதாவது குளியலில் தலை நனையவில்லை, அது செல்லாது என்று கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். "முடிச்சாயம் போயிடும்னு பயம், அதான் முங்க மாட்டேங்கிறா" என்று கடற்கரையே கேட்கச் சொன்னேன். அன்று மாலைக் கப்பலிலேயே நீ ஏதென்ஸுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

கலியோபியிடம் நான் சொன்னது பொய். சின்ன வயதில் நீ போட்ட சட்டம்தானே: "நம்மள்ல ஒருத்தி குளிக்கிறத இன்னொருத்தி பார்க்கலேன்னா கணக்குல சேராதுடி."

தினமும் முங்குகிறேன். ஆகஸ்ட் முடியப் போகிறது. என் கணக்கு இன்னும் பூஜ்யத்தில்தான் நிற்கிறது.

ஈரத் தலையோடு,
உன் ஒரே சாட்சி