பிரிக்காம அணையாதுங்க

இன்று காலை என் மனைவி சாமி அறையில் எண்ணெய் விளக்கு ஏற்றினாள். உங்களுக்கு இது ஒரு செய்தியாகத் தோன்றாது. நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டுச் சாமிகள் மின்சார விளக்கில்தான் காலம் தள்ளின. முருகன் முகத்தில் ஒருநாளும் வருத்தம் தெரியவில்லை என்பதால் நானும் சமாதானம் சொல்லவில்லை. பூசை முடிந்து அவள் விளக்கைக் குளிர வைத்தாள். கருகிய திரியின் புகை கூடத்துக்கு வந்தது. பஞ்சு கருகும் வாசனை. நான் நாளிதழைப் பிடித்தபடி, என் உடம்பு என்ன செய்யப்போகிறது என்று காத்திருந்தேன்.

சிங்காநல்லூர் மில்லில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அத்தனை வருஷமும் ஒருவரையொருவர் 'ங்க' இல்லாமல் அழைத்ததில்லை. நீங்கள் மெஷின் பராமரிப்பு, நான் பஞ்சின் தரம் பார்க்கும் அறை. சண்டையும் மரியாதையாகத்தான் நடக்கும். "நீங்க சொல்றது சுத்த முட்டாள்தனமுங்க" என்பீர்கள். "சந்தோசமுங்க" என்பேன். கேன்டீனில் டீ வந்ததும் சட்டைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்து டீயோடு விழுங்குவீர்கள். டீயோடு சாப்பிடக் கூடாதே என்றால், "இந்த டீயில டீத்தூளே கெடையாதுங்க, பயப்படாதீங்க" என்பீர்கள்.

பஞ்சுப் பொதிக்குள், நம் மில் பாஷையில் பேலுக்குள், பிடித்த தீயைப் பற்றி எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இறுக்கிக் கட்டிய பேலின் மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இறங்காது. வெளியே இழுத்துப் போட்டு, கட்டுக் கம்பியை அறுத்துப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் காற்றுப் பட்டுத் தீ எழும்பும். அந்த நேரத்தில்தான் தண்ணீர். "பிரிக்காம அணையாதுங்க" என்பீர்கள்.

நீங்கள் போன அன்று மத்தியானம் குடோனில் வாசனை வருகிறது என்று நாம் இருவரும் பார்க்கப் போனோம். பெரிய இரும்புக் கதவு பூட்டியிருந்தது. அதில் இருந்த, ஒருவர் மட்டும் குனிந்து நுழையும் சின்னக் கதவு வழியாக உள்ளே போனோம். கனன்றுகொண்டிருந்த பேலை நாம் தேடிப் பிடிப்பதற்குள், பின்வரிசை முழுவதும் பற்றிக்கொண்டது. வாசலுக்கு ஓடி வந்தோம். புகையில் உங்கள் முகம் தெரியவில்லை, சட்டை மட்டும் தெரிந்தது.

அந்த இடத்தில், தலைக்கு மேல் தீ எரிய, நாம் என்ன செய்தோம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

"நீங்க போங்க."

"இல்லீங்க, நீங்க போங்க."

"அட, போங்கன்னா."

பிறகு உங்கள் கை என் முதுகில் விழுந்தது. நான் வெளியே மண்ணில் போய் விழுந்தேன். எனக்குப் பின்னால் பேல் அடுக்கு சரிந்தது.

அதன் பிறகு ஊரே விசாரித்தது. கல்யாண வீடுகளில் இலையில் உட்கார்ந்துகொண்டு, "உள்ள எப்படீங்க இருந்துச்சு?" என்பார்கள். "கொஞ்சம் சூடா இருந்துச்சுங்க" என்பேன். சிரிப்பார்கள். கேட்டவர் சங்கடப்படக் கூடாது என்பதற்காகவே நல்லதாக ஒரு கதை செய்து வைத்திருந்தேன். அதில் உங்களுக்கு வேலை அதிகம் இல்லை.

ஆனால் வாசலில் யாராவது ஒதுங்கி நின்று "நீங்க போங்க" என்று சொன்னால் என் கால் நின்றுவிடும், வேர்த்துக் கொட்டும். கோயம்புத்தூரில் இந்த வியாதியோடு வாழ்வது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும். சென்ற வருஷம் ஓர் ஆஸ்பத்திரி லிப்ட் வாசலில் ஒரு நல்ல மனிதர் அதைச் சொல்லிவிட்டார். நான் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால், மூச்சுத் திணறும் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் கத்தினார்கள். என் மனைவிதான் என்னை இழுத்து ஓரமாக நிறுத்தினாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இன்னொருத்தரு உசுரு போயிருக்குமுங்க. நாளைக்கே டாக்டரப் பாக்கறோம்."

சரவணம்பட்டியில் ஒரு மனநல மருத்துவர், என் மகள் வயதுப் பெண். அவர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டதும் எனக்கு உங்கள் பேல்தான் ஞாபகம் வந்தது. பயமுறுத்தும் ஒரு நினைவை முழுதாக எடுத்துப் பிரித்தால் அது கொஞ்ச நேரம் இளகிக் கிடக்குமாம். மறுபடி இறுகுவதற்குள் ஒரு மாத்திரை கொடுத்தால், நடந்தது அப்படியே இருக்கும், அதிலுள்ள பயம் மட்டும் குறையலாமாம். எல்லாருக்கும் குறைவதில்லை என்பதையும் அவரே சொன்னார். மாத்திரையைக் காட்டினார். நீங்கள் டீயோடு விழுங்கிய அதே இனம், பிரஷர் மாத்திரை.

முதல் நாள் நான் கல்யாண வீட்டுக் கதையைச் சொன்னேன். என் மணிக்கட்டில் நாடி பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க சார், நாடி கொஞ்சங்கூட ஏறலீங்க. இது நான் சங்கடப்படக் கூடாதுன்னு சொல்ற கதைங்க. இதுக்கு மாத்திர தர முடியாதுங்க."

அடுத்த வாரம் மறுபடி போனேன். "வாசல்ல நிக்கறீங்க. அவரு என்ன சொன்னாருங்க?" என்றார்.

"நீங்க போங்கன்னாருங்க."

"அப்புறமுங்க?"

மின்விசிறியின் சத்தம் தீயின் சத்தமாக மாறியது. எழுந்து ஓடியிருப்பேன். அறைக்கு ஒரே கதவு, அதன் பக்கத்தில் என் மனைவி. யாரிடமும் சொல்லாத சொல்லை அங்கேதான் சொன்னேன். என்னைத் தள்ளும்போது நீங்கள் கத்தினீர்கள்: "போடா."

மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. விழுங்க முடியவில்லை. இந்தப் பயத்துக்குள்தான் உங்கள் குரல் இத்தனை வருஷம் பத்திரமாக இருந்தது. பயம் கரைந்தால் அதுவும் கூடவே கரைந்துவிட்டால்? டாக்டரிடம் கேட்டேன்.

"அவரு போக மாட்டாருங்க. அவரு மேல ஏறி உக்காந்திருக்கறத எறக்க முடியுமான்னுதான் பாக்கறோம்."

"எறங்கலைன்னா?"

"அப்பவும் அவரு இருப்பாருங்க."

மனைவி தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றாள். தம்ளரை வாங்கி மாத்திரையை விழுங்கினேன். இப்படியே சில வாரங்கள், சொல்வதும் விழுங்குவதுமாகப் போயின.

இன்று காலை திரிப்புகை வந்தபோது நெஞ்சு ஒருமுறை எழுந்து நின்றது. வாசலைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது. மனைவி சாமி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள். வை என்றேன்.

காப்பி வருவதற்குள் அந்த 'போடா'வைப் பதற்றமில்லாமல் கேட்டுப் பார்த்தேன். அப்படியே இருந்தது. இத்தனை வருஷமும் என் முதுகில் விழுந்த அடியாகத்தான் அது கேட்டது. எத்தனை தடவை சொன்னாலும் நகராத ஒருவனிடம், பொறுமை போன ஒரு நண்பர் கத்துவதுபோல இன்று கேட்டது. இது உங்கள் குரலா, மாத்திரையின் கைவேலையா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. டாக்டரிடம் கேட்கவில்லை. நல்ல பெண், பாவம், உண்மையைச் சொல்லிவிடுவார்.

இப்போதெல்லாம் வாசலில் யாராவது "நீங்க போங்க" என்றால் பதிலுக்கு நான் உபசாரம் செய்வதில்லை. போய்விடுகிறேன். இந்த ஆளுக்கு மரியாதை தெரியவில்லை என்று பின்னால் நிற்பவர் நினைத்துக்கொள்ளட்டும். என்னை 'டா' போட்டு ஒருவர் சொல்லியிருக்கிறார்.