நான்கு திருகாணிகள்

ஜூன் 3, காலை

செல்லத்துக்கு,

பதினாறு வயதுப் பெண்ணுக்கு உயிரோடு இருப்பதே ஏன் இவ்வளவு பாரமாகிறது? உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததைப் பற்றி உன் ஆசிரியை நேற்று சொன்னதும், உன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தவறு. நேரில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் உப்பு டப்பாவின் அடியில் இதை வைக்கிறேன். செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா?

அம்மா

ஜூன் 3, மாலை

அம்மா,

ஜெயில்லகூட தாழ்ப்பாள் உண்டு. மிஸ் சும்மா பெருசு பண்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

உன் பொண்ணு

ஜூன் 4, காலை

செல்லத்துக்கு,

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே தண்ணீரை மூன்று தடவை சோதிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ‘ஒண்ணும் இல்ல’ என்பது முதல் தடவை. மறுபடி கேட்கிறேன். என்ன சொன்னாலும் திட்டமாட்டேன்.

அம்மா

ஜூன் 4, மதியம்

அம்மா,

நான் என்ன தண்ணி சாம்பிளா? சரி. ஆமா. தினமும் இல்ல, ஆனா மார்ச்லேருந்து. நான் இல்லேன்னா உனக்கு ஒரு கவலை கொறையும்னு தோணும். யார்கிட்டயும் சொல்லிடாதே.

ஜூன் 4, மாலை

செல்லத்துக்கு,

சொன்னாயே, அது போதும். ஆனால் யாரிடமும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நாளை பத்து மணிக்கு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நீ எனக்குக் கவலை அல்ல, என் பெண். இன்றுமுதல் எனக்கும் உன் அறையில்தான் படுக்கை. நான் குறட்டை விட்டால் என்னை உதை. தாழ்ப்பாளின் நான்கு திருகாணிகளும் என் கைப்பையில், ஒரு சிறு புட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

அம்மா

ஜூன் 6

செல்லத்துக்கு,

நடந்ததை எழுதிவைக்கிறேன், எனக்கு அதுதான் வரும். நேற்று மருத்துவரின் அறையில் ஐம்பது நிமிடம் நீ இருந்தாய். வெளியே வந்து, “பசிக்குதும்மா” என்றாய். வீட்டில் புட்டியை எடுத்துத் திருகாணிகளை எண்ணிப் பார்த்து, “இப்ப வேண்டாம், இருக்கட்டும்” என்று என் பைக்குள்ளேயே போட்டாய். மூன்றாம் தடவை கேட்டேன். “இன்னைக்குத் தோணல” என்றாய். நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

இன்று காலை ஏழு மணிக்கு உதைத்தாய்.

“குறட்டையா?”

“இல்லம்மா. தோணுது.”

ஜன்னலைத் திறந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருத்துவர் தந்த எண்ணை போனில் நீயே அழுத்தினாய்.

அம்மா