தொண்ணூறு மில்லிமீட்டர் மழை

செவ்வாய்க் குடியிருப்பு, மேகக் கோபுரம்.
பதிவு செய்பவர்: குற்றாலிங்கம், வானிலை இயக்குநர்.

நாள் 25, காலை 6:10
இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே, சத்தியமாகச் சொல்கிறேன்: நீ நம்பவே மாட்டாத கதை இது. கீழே கண்ணாடிக் கூடாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு வெயிலும் மழையும் அளந்து விடுகிற வருணபகவான் நான்தான். மாங்காய் பழுக்கவில்லை என்று மனுப் போட்டார்கள். இருபத்தைந்து நாள் கத்திரி வெயில் வைத்தேன், 41 டிகிரி. காக்காய்க்கே வியர்த்தது. (இங்கே காக்காய் கிடையாது. இருந்திருந்தால் வியர்த்திருக்கும்.) இன்று மாலை கோடை மழை. கேட்டிருப்பது ஐந்து மில்லிமீட்டர்.

நாள் 25, மாலை 5:30
ஐந்தா? அது குற்றாலிங்கம் விடுகிற மழையா? தொண்ணூறு விட்டேன். துளி ஒவ்வொன்றும் பூசணிக்காய்!

நாள் 27, காலை 9:00
வானொலியில் கீழிருந்து மருத்துவர் தமயந்தி. என் அக்கா மகள்.
"என்ன மழை விட்டீங்க மாமா? சாக்கடை பொங்கி குடிதண்ணித் தொட்டிக்குள்ள ஏறிட்டு. நாப்பது பேருக்கு வயித்தால போகுது."
"மாம்பழத்த வளைச்சு வளைச்சுத் தின்னுருப்பாங்க, தாயி."
"வெளையாடாதீங்க. இது காலரா."

நாள் 28, பிற்பகல் 1:15
இருநூற்றுப் பத்துப் பேர். கிருமியை வெயில் வளர்த்தது, மழை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டும் என் கைவேலை. உப்புக்கரைசல் கலக்கச் சுத்தமான தண்ணீர் இல்லை. கொதிக்கவைக்க மின்சாரம் பற்றவில்லை. பாதியை என் கோபுரம் தின்கிறது.
"மாமா, எனக்கும் ஆரம்பிச்சிட்டு. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

நாள் 28, பிற்பகல் 1:40
கோபுரத்து மின்சாரம் முழுவதையும் கீழே தண்ணீர் காய்ச்சும் கொப்பரைக்குத் திருப்பிவிட்டேன். கூடாரம் தன் சூட்டில் இரண்டு நாள் தாங்கும். கோபுரம் ஒரு நாள் தாங்கினால் அதிகம். வெளியே மைனஸ் எழுபது. இறங்கும் கதவும் அதே மின்சாரத்தில்தான் திறக்கும்.
"கொதிக்குது மாமா! அங்க உங்களுக்குக் குளிருமே?"
"குளிரா? என்னயக் கண்டதும் ஓடிட்டு."

நாள் 29, காலை 7:20
பேனா மசி உறைந்துவிட்டது. இது பென்சில். விரல் மடங்கவில்லை. நேற்று மாலையிலிருந்து தமயந்தி பேசவில்லை. நாற்பது முறை கூப்பிட்டேன்.

நாள் 29, காலை 8:05
வெற்றி! முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். தமயந்தி ஒரே மூச்சில் ஏழு அண்டா தண்ணீர் குடித்தாள். அவள் விட்ட ஏப்பத்தில் செவ்வாயின் இரண்டு நிலாவும் ஆடின

புளுகு. எல்லாம் புளுகு.

ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். அவள் வானொலி அணையவில்லை. காதோடு ஒட்டி வைத்திருக்கிறேன். யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம். ஒரு மடக்கு. இன்னொரு