மூன்று நிமிடப் பிரார்த்தனை

இன்று காலை கூரியரில் ஓர் அழைப்பிதழ் வந்தது. உறையைப் பிரிக்கும்போதே சந்தன வாசனை. இந்த ஊரில் பெரிய மனிதர்களுக்குப் போடும் சந்தனச் சீவல் மாலையின் அதே வாசனை. நீ உயிரோடு இருந்தவரை நம் பல்கலைக்கழகத்தில் உனக்கு ஒருவரும் அந்த மாலையைப் போட்டதில்லை. உன் படத்துக்குத்தான் போட்டார்கள். இப்போது உன் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. மேடையில் பாடிக்கொண்டே பல்கலைக்கழகங்களில் பாடமும் நடத்தும் பெண்களுக்கு உன் பெயரில் விருதாம். தலைமை, நம் பழைய துறைத் தலைவர். அதற்கு மேலே பொடி எழுத்தில் ‘பிரார்த்தனை’ என்று போட்டு என் பெயர்.

கூடவே அவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு: “மூன்று நிமிடம் போதும் அம்மா.”

முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. நீ போய் ஐந்து வருடமாகியும் அந்தக் கோபம் குறையவில்லை. குறைய நான் விடவும் இல்லை.

தொண்ணூற்றொன்றில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் இசைத் துறையில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். நீ மல்லேஸ்வரம், தாத்தா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது கட்டிய வீடு, வாய்ப்பாட்டு. நான் ஒக்கலிபுரம், ரயில்வே கலாசித் தொழிலாளியின் மகள், வயலின். நான் பேசும் தமிழைக் கேட்டு நீ சிரித்தாய், நீ பேசுவதைக் கேட்டு நான் சிரித்தேன், அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம். டிசம்பரில் சென்னையில் கச்சேரி செய்துவிட்டு, காலை ரயிலில் இறங்கி, நேராக வகுப்புக்கு வருவாய். தலையில் மேடைக்கு வைத்த பூ வாடியபடி இருக்கும். வெளியூர்ப் பத்திரிகைகள் உன் தோடியைப் பற்றி எழுதும். நம் துறையில் அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஆண்டு விழாக் கச்சேரி மட்டும் வருடா வருடம் தலைவருடையது. மூன்று மணி நேரம் அவர் பாடுவார். உனக்கு இறைவணக்கம். மைக் முன்னால் நின்றுகொண்டு நீ ஒரு சுலோகம் பாட வேண்டும், பக்கத்தில் நான் சுருதிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்ததும் இருவரும் படியிறங்கிவிட வேண்டும். கச்சேரி கேட்டு நீ அவர் அறைக்குப் போன முதல் வருடம் நானும் கூட வந்தேனே.

“உங்க அஞ்சு கட்டை சுருதிக்கு நம்ம டிபார்ட்மெண்ட்ல மிருதங்கமே இல்லையேம்மா,” என்றார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கொள்ளி.” கொஞ்சம் அனுசரித்துப் போகணுமாம், அதைக் கன்னடத்தில் சொன்னார்.

இருந்த மிருதங்கங்கள் எல்லாம் அவருடைய தாழ்ந்த குரலுக்குச் சேர்ந்தவை. நீ உன் சுருதிக்கு ஒரு மிருதங்கத்தை நீயே வாங்கிக்கொண்டு வந்து துறை அலமாரியில் வைத்தாய். அடுத்த வருடம் வேறு காரணம் வந்தது. மிருதங்க வாத்தியார் லேடீஸுக்கு வாசிக்க மாட்டாராம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பது சும்மா சொன்னதில்லை.

“நீ ஏன்டி வாயைத் தொறக்க மாட்டேங்கிறே? நாலு வார்த்தை கேட்டா என்ன?” என்று நான் கத்தினேன்.

“மூணு நிமிஷத்துல சரஸ்வதி எப்படிடி வருவா? செருப்பைக் கழட்டவே அவளுக்கு மூணு நிமிஷம் ஆகும்,” என்று சொல்லிவிட்டு நீ காபியை ஆற்றினாய்.

உன் சுலோகம் நான்கு அடி. முதல் அடி கல்யாணி, இரண்டாவது காம்போதி, மூன்றாவது தோடி, நான்காவது மத்யமாவதி. எந்தக் கச்சேரியும் மங்களமாக முடிகிற ராகம் என்பதால் மத்யமாவதி கடைசியில். பன்னிரண்டு வருடம் அதையே பாடினாய். வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குக்கூட எந்த அடிக்கு எந்த ராகம் என்று தெரியும். ஒருநாள் எரிச்சலில் நீ சொன்னாய்: “இது விருத்தம்டி. தாளம் கிடையாது, மிருதங்கம் வேண்டாம். அடிக்குப் பத்து நிமிஷம் பாடினா யார் என்ன பண்ண முடியும்? நிக்கட்டும்.”

நிற்க வைத்தது தலைவர்தான். பிரார்த்தனை முடியும்வரை எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், நடுவில் ஒருவரும் உட்காரக் கூடாது என்று சுற்றறிக்கையே விட்டிருந்தார். ஒரு விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியான எம்.ஏ. மாணவி ஒருத்தி நாற்காலியைப் பிடித்தபடி உட்காரப் போனாள். மைக்கிலேயே அவளை அதட்டினார். நீ தோடியைப் பாதியில் விட்டு, மத்யமாவதியை இரண்டே மூச்சில் முடித்தாய். அவள் கால் வலிக்காக உன் தோடியைக் கொடுத்தாய். பழிவாங்க உனக்கு வரவில்லை. எனக்கு வரும்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உன் கைவிரல்கள் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. “பாடலைன்னு இல்லடி,” என்றாய். “ஊரெல்லாம் பாடியாச்சு. நம்ம ஹால்ல மட்டும் பாடலை. அவ்ளோதான்.” அந்த ‘அவ்ளோதான்’ என்னைத் தூங்க விடவில்லை.

நீ போன இரண்டாவது மாதம் அதே ஹாலில் தலைவர் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார். துணைவேந்தர் வருகிறார், ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார் என்றார்கள். நான்கு மணிக்குப் பிரார்த்தனை, பிறகு ஐந்துவரை முழுக்கத் தலைவரின் உரை. உன்னைத் தங்கைபோல வளர்த்து ஆளாக்கிய கதையை எட்டுப் பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அதை நான் பார்த்தேன். பிரார்த்தனைக்கு என்னைக் கூப்பிட்டார்.

“வயலினை நின்னுக்கிட்டு வாசிக்க முடியாது சார். ஜமக்காளம் போடச் சொல்லுங்க,” என்றேன். போடச் சொன்னார்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்தேன். மைக்கை இழுத்து, “முடியாதவங்க உட்காரலாம்,” என்று சொல்லிவிட்டு, உன் ஐந்து கட்டையில் சுருதி சேர்த்து, கல்யாணியைத் தொடங்கினேன்.

நான்கு நிமிடத்தில் அவர் என்னைப் பார்த்தார். பத்தாவது நிமிடம் தொண்டையைச் செருமினார். நான் காம்போதிக்குப் போனேன். பின்வரிசையில் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள். துணைவேந்தரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்கள் தொடையில் கைவைத்துச் சாய்ந்து கேட்கத் தொடங்கினார்கள். அப்போது அது கூட்டமாக இல்லை, கச்சேரியாக இருந்தது. அவர் மட்டும் நின்றார். அவர் போட்ட சட்டம், அவரே எப்படி உட்காருவார்? முடியாதவர் என்று ஊரறிய எப்படி ஒப்புக்கொள்வார்? முழங்கால் மாறி மாறி மடங்கியது. எட்டுப் பக்கம் கையில் சுருண்டது.

தோடியை நீ எப்படி எப்படியெல்லாம் பாடுவாயோ அப்படியெல்லாம் வாசித்தேன். அந்த மாணவிக்காக நீ விட்ட மிச்சத்தையும் சேர்த்து வாசித்தேன். அழுதேன், மறைக்கவில்லை. ஐந்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது வில்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மத்யமாவதியைத் தொடவில்லை. நாலாவது அடி பாக்கி என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு நன்றாகவே தெரியும். காத்துக்கொண்டு நின்றார். பிரார்த்தனைக்குக் கைதட்டும் வழக்கம் கிடையாது. பின்வரிசைப் பெண்கள் தட்டினார்கள், பிறகு ஹாலே தட்டியது. துணைவேந்தர் உன் படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். எட்டுப் பக்கமும் வாசிக்கப்படாமல் போயிற்று.

தலைவர் படியில் என்னை மடக்கினார். “என்னம்மா இது? பிரார்த்தனையா, கச்சேரியா?”

“கச்சேரிதான் சார்,” என்றேன். “அவளோடது.”

செத்தவர்களின் பெயரில் பழிவாங்குவது பாவம் என்று என் அக்கா சொன்னாள். இருக்கட்டும். இருந்தாலும் இனித்தது. ஆனால் உன் தொண்டை அங்கே இல்லை, என் வில்தான் இருந்தது. அந்தக் குறையை எந்தப் பழியாலும் தீர்க்க முடியவில்லை. அதனால்தான் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து நான் மத்யமாவதியை எங்கும் வாசிப்பதில்லை. கச்சேரியை ஏன் மங்களமாக முடிப்பதில்லை என்று மாணவிகள் கேட்கிறார்கள். அது ஒருத்திக்காக எடுத்து வைத்தது என்று மட்டும் சொல்வேன்.

சற்று முன் அவர் சீட்டின் பின்பக்கத்திலேயே பதில் எழுதி உறையில் போட்டுவிட்டேன். விருது வாங்கப்போகும் பெண்களுக்கு அந்த ஹாலில் ஆளுக்கொரு முழுக் கச்சேரி வையுங்கள், சுருதிக்கேற்ற மிருதங்கம் அலமாரியில் இருக்கிறது என்று எழுதினேன். அதற்குக் கீழே இதையும் எழுதினேன்:

“புதிய பிரார்த்தனைக்கு நான் வருவதற்கில்லை. அன்று தொடங்கியது இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை நீங்கள் உட்காரக் கூடாது சார், சட்டம் உங்களுடையது.”