பதினெட்டு நிமிடமும் மூன்று விசிலும்

அன்புள்ள யோவ்,

உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, கடிதத்தில் மட்டும் என்ன புதுசாக? மேலே போன இடத்திலாவது மேசையைத் தட்டாமல் சாப்பிடுகிறாயா?

ஒரு சேதி. உங்கள் 'மூணாம் ஷிப்ட்' பேண்டின் ஹிட் பாட்டுகளைத் தொகுத்து ஆல்பம் வரப்போகிறது. சிரிக்காதே. இருபது வருஷத்தில் மொத்தமே ஏழு பாட்டு போட்டீர்கள். அதில் ஹிட் எது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்து, ஆறு ஹிட் என்று முடிவாகியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் வேலை பார்த்த நாலு பேருக்குப் புரோகிரசிவ் ராக் எங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ! ஒரு பாட்டுக்குள் நாலு பாட்டு, நிமிஷத்துக்கு ஒரு தாளம். கைதட்ட வந்தவர்கள் எங்கே தட்டுவதென்று தெரியாமல் முழித்தார்கள். ஆரம்பாக்கம் ரிசப்ஷன் ஞாபகமிருக்கிறதா? சனம் முதல் பந்தி முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பியபோதும் நீ அதே பாட்டுக்கு டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தாய். பெண்ணின் மாமா மேடையேறி, "இன்னாபா, பொண்ணு நின்னுகினே கீது, எப்பதான் முடிப்ப?" என்றார். நீ தலையாட்டிவிட்டு இன்னும் வேகமாக அடித்தாய். எனக்கு மானமே போனது.

அந்தப் பதினெட்டு நிமிடப் பாட்டுதான் இப்போது பிரச்சினை. கிதார் எட்வின் போன வாரம் லேப்டாப்போடு வந்தான்.

"அண்ணி, இப்பல்லாம் யாரும் இவ்ளோ நேரம் கேக்க மாட்டானுங்க. நடுவுல அண்ணன் தனியா அடிக்கிற ஏழு நிமிசத்த எடுத்துட்லாமா? நீங்களேதான கட் பண்ணுங்கடான்னு எத்தினி தபா சொல்லிக்கீறீங்க?"

சொன்னேன்தான். "சரி, எடுக்கப்போறத ஒருதபா போடு" என்றேன்.

அப்போதுதான் கேட்டது. உன் டிரம்ஸுக்கு நடுவே என் குக்கர் விசில். ஒன்றல்ல, மூன்று.

நம் வீட்டு ஹாலில் ரெக்கார்டிங் நடந்த அன்று மூச்சுகூட விடாதே என்றாய். பருப்பு வேக வேண்டாமா? வீம்புக்கு அடுப்பில் வைத்தேன். விசில் வந்ததும், திட்டப்போகிறாய் என்று பயந்தேன். நீ பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் எங்கேயாவது போய் மறுபடி அடித்திருப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"திரும்ப எடுக்கலாம்னுதான் சொன்னோம் அண்ணி. அண்ணன்தான் உடல. 'அவளும் நம்ம பேண்டுதான்டா, உட்ருங்க'ன்னுச்சு" என்றான் எட்வின்.

ஏன்யா, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? வாய்விட்டு அழுதேன். எட்வின் பயந்துபோய் லேப்டாப்பை மூடிவிட்டான்.

உன் பாட்டில் ஒரு நொடி குறையக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இடம் போதாவிட்டால் அவன் பாடிய ஹிட்டைத் தூக்கட்டும். முகம் தொங்கிவிட்டது, பாவம். அட்டையில் என் பேரும் வர வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினான்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டை நான் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. நீ தனியாக அடிக்க ஆரம்பித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ஆல்பம் வெளியாகிற அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து பதினெட்டு நிமிடமும் கேட்பேன். நடுவில் எழுந்திருக்க மாட்டேன். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டே வருவேன், சத்தியம்.

உன் பெண்டாட்டி,
ஸ்டெல்லா
குக்கர், 'மூணாம் ஷிப்ட்'